சார்லி ஃபெதர்ஸ்: உரிமைகோரலும் குரலும்

சார்லி ஃபெதர்ஸ் (சார்ல்ஸ் ஆர்தர் ஃபெதர்ஸ்; ஜூன் 12, 1932 - ஆகஸ்ட் 29, 1998) அமெரிக்க ராகாபில்லிப் பாடகர், பாடலாசிரியர், கிட்டார் கலைஞர். மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் வாழ்ந்தவர். கண்ட்ரி இசைத் தரவரிசையில் எல்விஸ் பிரெஸ்லிக்கு முதன்முதலாக முதலிடம் பெற்றுத்தந்த பாடலின் ஆசிரியர்கள் இருவரில் ஒருவர். 1956-ல் அவர் பாடி வெளியான சில இசைத்தட்டுகள் அக்காலத்தில் பெரிதாக விற்கவில்லை. இன்று அவை ராகாபில்லியின் மிகச் சிறந்த பதிவுகளில் வைத்து எண்ணப்படுகின்றன. எல்விஸின் தொடக்ககாலப் பாணியை உருவாக்கியதில் தனக்குப் பங்குண்டு என்று வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார். அந்தக் கூற்று அவர் பெயரைப் பரப்பியது. அவர் பாடல்களைக் கவனித்துக் கேட்பதற்குத் தடையாகவும் ஆனது.

ராகாபில்லி

'ராக்', 'ஹில்பில்லி' என்னும் இரு சொற்களின் சேர்க்கையே ராகாபில்லி. ஹில்பில்லி என்பது அமெரிக்கத் தெற்கின் மலைப்புறத்து, கிராமப்புறத்து வெள்ளையரை நகரத்தார் ஏளனமாகக் குறித்த சொல். அவர்கள் பாடிய இசைக்கும் அப்பெயரே நெடுங்காலம் வழங்கியது. பிற்பாடு அதைக் கண்ட்ரி இசை என்றனர். இந்தக் கண்ட்ரி இசையும் கறுப்பின மக்களின் ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைகளும் 1950-களின் நடுப்பகுதியில் ஒன்றுகலந்து வேகம் கூடியபோது பிறந்தது ராகாபில்லி.

இதற்குத் தேவையான கருவிகள் மிகக் குறைவு. தாளத்துக்கு ஒரு சாதாரண கிட்டார், இடையிசைக்கு ஒரு மின்கிட்டார், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸ் ஆகிய மூன்றும் போதும். பேஸ் கலைஞர் தந்தியை இழுத்து விடுவார். அது பலகையில் மோதி 'டக்'கென்று ஒலிக்கும். முரசு இல்லாத குறையை அந்த ஒலி தீர்த்துவிடும். இதை ஸ்லாப் பேஸ் என்பர். மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் இரண்டு ஒலிநாடாக் கருவிகளைக் கொண்டு குரலை ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். குறுகிய அந்த எதிரொலியும் இவ்விசையின் அடையாளமாயிற்று. பாடுபவர் சொல்லின் நடுவே குரலை வெட்டி, விக்கல் எடுப்பதுபோல் மேலே தாவச் செய்வது இன்னொரு அடையாளம்.

ராகாபில்லி உச்சத்தில் இருந்த காலம் மிகக் குறுகியது. 1954-ல் எல்விஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1958 முடிவதற்குள் இவ்வலை வடிந்துவிட்டது. இந்த நான்காண்டுக்குள் புகழ் பெறாதவர்களுக்குப் பிறகு வாய்ப்பு அமையவில்லை. ஃபெதர்ஸின் வாழ்க்கையைப் படிக்கும்போது இக்கால அளவை நினைவில் கொள்ள வேண்டும்.

பிறப்பு, இளமை

ஃபெதர்ஸ் மிசிசிப்பியின் வடபகுதியில், ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரை அடுத்த வட்டாரத்தில் பிறந்தார். குடும்பம் வாரத்துக்கு நிலம் உழுதது. பருத்திதான் பயிர். சில ஆண்டுகளே பள்ளிக்குச் சென்றார். எழுதவும் படிக்கவும் முறையாகக் கற்கவில்லை. வீட்டு வானொலியில் கேட்ட பில் மன்றோவின் ப்ளூகிராஸ் இசையும், பருத்திக்காட்டில் கேட்ட ப்ளூஸ் பாட்டும் அவருக்குப் பாடமாயின. ராகாபில்லி என்பது இவ்விரண்டும் சேர்ந்ததுதான் என்று பிற்காலப் பேட்டிகளில் விளக்கினார். அவர் சொன்ன வரையறைகளில் இன்றுவரை மறுக்கப்படாதது இது.

பதின்வயதில் ஊரைவிட்டு வெளியேறி, இல்லினாய், டெக்சஸ் மாநிலங்களில் எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலை பார்த்தார். பின்னர் மெம்ஃபிஸுக்கு வந்து திருமணம் செய்துகொண்டு தொழிற்சாலை வேலையில் சேர்ந்தார். அப்போது மூளைக்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. படுக்கையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் பாடுவதையே தொழிலாகக் கொள்ளும் முடிவுக்கு வந்தார்.

ஆசிரியர் ஜூனியர் கிம்ப்ரோ

ஃபெதர்ஸ் கிட்டார் கற்றது அதே வட்டாரத்தைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் ஜூனியர் கிம்ப்ரோவிடம். கிம்ப்ரோ அவரைவிட இரண்டு வயதே மூத்தவர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிக்கச் சட்டம் இடங்கொடுக்காத மாநிலம் அது. வயலும் வறுமையும் இருவருக்கும் பொதுவாக இருந்தன. பாட்டு அந்த வழியாகக் கைமாறியது.

கிம்ப்ரோவின் ப்ளூஸ் தனி வகை. சுரக்கூட்டு மாறாமல், ஒரே இழையைத் திரும்பத் திரும்ப மீட்டி, கேட்பவரை மயக்கநிலைக்குக் கொண்டுசெல்வது. அவருக்குப் பரவலான கவனம் 1992-ல் வெளிவந்த 'ஆல் நைட் லாங்' இசைத்தொகுப்பால்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 62. ஃபெதர்ஸ் தன் ஆசிரியரை ஒருபோதும் மறைக்கவில்லை. கிம்ப்ரோவே எல்லா இசைக்கும் தொடக்கமும் முடிவும் என்னும் பொருளில் அவர் சொன்ன புகழுரை கிம்ப்ரோவின் கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. 1960-களின் இறுதியில் இருவரும் சேர்ந்து பாடிய பதிவும் உண்டு.

தன் பங்கை எல்விஸ் விஷயத்தில் இடைவிடாமல் கேட்டவர், தான் பெற்ற கடனைத் தயங்காமல் ஒப்புக்கொண்டவராகவும் இருந்தார். ஃபெதர்ஸைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்த இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சன் நிறுவனத்தில்

சாம் ஃபிலிப்ஸ் 1950-ல் மெம்ஃபிஸின் யூனியன் அவென்யூவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். 1952-ல் சன் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபெதர்ஸ் அந்தக் கூடத்தைச் சுற்றியே நேரத்தைச் செலவிட்டார். பிறர் கேட்டுப் படிப்பதற்காக மாதிரிப் பாடல்களைப் பாடிக்கொடுத்தார். ஒத்திகைகளில் கலந்துகொண்டார்.

1955-ல் சன் குழுமத்தைச் சேர்ந்த ஃபிளிப் என்னும் பெயரில் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்தில் 'பீப்பின் ஐஸ்', மறுபக்கத்தில் 'ஐவ் பீன் டிசீவ்டு'. அடுத்த தட்டில் 'டிஃப்ராஸ்ட் யுவர் ஹார்ட்', 'எ வெட்டிங் கவுன் ஆஃப் ஒயிட்' என்னும் பாடல்கள் இருந்தன. பில் கேன்ட்ரெல், குவின்டன் கிளாஞ்ச் என்னும் இரு கலைஞர்கள் இப்பதிவுகளுக்குத் துணைநின்றனர். இந்த இரு தட்டுகளையும் கேட்பவர் ராகாபில்லியை எதிர்பார்த்தால் ஏமாறுவார். ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் பின்னணியில் இழைய, காதலில் தோற்றவன் மெல்லப் புலம்பும் கண்ட்ரி பாடல்கள் இவை.

'டிஃப்ராஸ்ட் யுவர் ஹார்ட்' பாடலின் கரு சற்று வேடிக்கையானது. குளிர்சாதனப் பெட்டியின் உறைபனியை உருக்குவதுபோல் காதலியின் உறைந்த இதயத்தை உருக்கச் சொல்லிக் கேட்பது. பாடத் தெரியாதவர் பாடினால் சிரிப்பு வந்துவிடும். ஃபெதர்ஸ் அதைக் கேலியின்றிப் பாடுகிறார். உயிரெழுத்துகளை நீட்டி, முடிவில் குரலைச் சற்றே உடைத்து, வேடிக்கையை வேதனையாக்கிவிடுகிறார். அவர் கண்ட்ரியிலேயே நின்றிருந்தால் ஜார்ஜ் ஜோன்ஸுக்கு நிகராக வந்திருப்பார் என்னும் கருத்து சாம் ஃபிலிப்ஸுக்கு இருந்தது. அக்கருத்துக்கு இப்பாடல் போதிய சான்று.

ஃபெதர்ஸோ வேகப் பாடல்களைப் பதிவு செய்ய விரும்பினார். சன் மிகச் சிறிய நிறுவனம். 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்ற பிறகே அதற்கு மூச்சுவிட முடிந்தது. அந்தப் பணத்தையும் உழைப்பையும் ஃபிலிப்ஸ் கார்ல் பெர்கின்ஸ், ஜானி கேஷ் ஆகியோருக்குச் செலவிட்டார். திக்கிப் பேசும் பெண்ணைப் பற்றிய 'டங்-டைடு ஜில்' பாடலை ஃபெதர்ஸ் கொண்டுவந்தபோது, குறையுள்ளவர்களைக் கேலி செய்வதுபோல் இருப்பதாகக் கருதி ஃபிலிப்ஸ் ஏற்க மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஃபெதர்ஸ் அந்தப் பாடலை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்தின் கதவைத் தட்டினார்.

எல்விஸ் பாடிய பாடல்

ஃபெதர்ஸின் பெயரை இசை வரலாற்றில் நிலைநிறுத்திய பாடல் 'ஐ ஃபர்காட் டு ரிமெம்பர் டு ஃபர்கெட்'. மறக்க நினைத்தவளை மறக்கவே மறந்துபோனேன் என்னும் சொல்விளையாட்டே அதன் உயிர். ஸ்டான் கெஸ்லர், சார்லி ஃபெதர்ஸ் ஆகிய இருவர் பெயரும் ஆசிரியராக உள்ளது. எல்விஸ் இதை 1955 கோடையில் சன் கூடத்தில் பாடினார். 'மிஸ்டரி டிரெய்ன்' பாடலுடன் ஒரே தட்டில் வெளிவந்தது. 1956 பிப்ரவரியில் பில்போர்டு இதழின் கண்ட்ரி தரவரிசையில் முதலிடத்தை எட்டியது. ஜானி கேஷ், ஜெரி லீ லூயிஸ் ஆகியோரும் பாடினர். 1964-ல் பீட்டில்ஸ் குழு பி.பி.சி. வானொலிக்காகப் பாடியது, குரல் ஜார்ஜ் ஹாரிசனுடையது.

இப்பாடலில் ஃபெதர்ஸின் பங்கு எவ்வளவு என்பதில் இரு தரப்பு உண்டு. பாடலைப் பெரும்பாலும் தானே எழுதியதாகவும், மாதிரிப் பதிவைப் பாடிக்கொடுத்ததற்காக ஃபெதர்ஸுக்குப் பாதி உரிமை தந்ததாகவும் கெஸ்லர் பின்னாளில் கூறினார். அந்நாளைய வழக்கப்படி இதில் வியப்பில்லை. கையில் பணம் இல்லாதவர்கள் கூலிக்குப் பதிலாக உரிமையைப் பகிர்ந்துகொண்டனர்.

இதை வைத்து ஃபெதர்ஸின் பங்கு வெறும் பெயரளவிலானது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். எழுத்தறியாத ஒருவருக்குப் பாடல் என்பது தாளில் இருக்கும் வரி அன்று. எந்தச் சொல்லில் நிறுத்துவது, எந்த அசையை இழுப்பது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் சேர்ந்ததே பாடல். மாதிரிப் பதிவில் அவர் செய்தது அந்த வேலையைத்தான். அதைப் பாடலாக்கம் என்பதா, பாடும் முறை என்பதா என்னும் கேள்விக்குப் பதிப்புரிமைச் சட்டம் தெளிவாக விடை சொல்வதில்லை. ஃபெதர்ஸின் வாழ்நாள் மனக்குறை முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

1956: நான்கு ஆண்டு அலையில் ஓர் ஆண்டு

மெம்ஃபிஸில் மீட்டியர் என்னும் சிறு நிறுவனத்தை லெஸ்டர் பிஹாரி நடத்திவந்தார். பெயரைப் பார்த்து இந்தியர் என எண்ண வேண்டாம். ஹங்கேரியிலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1956-ல் 'டங்-டைடு ஜில்', 'கெட் வித் இட்' ஆகிய இரு பாடல்களும் மீட்டியரில் வெளிவந்தன. தட்டில் ஃபெதர்ஸின் பெயருடன் 'ஜோடி, ஜெரி' என்னும் பெயர்களும் அச்சாகியிருந்தன. பேஸ் வாசித்தவர் ஜோடி சாஸ்டெய்ன், மின்கிட்டார் வாசித்தவர் ஜெரி ஹஃப்மன்.

'டங்-டைடு ஜில்' இன்று கேட்கையில் சங்கடம் தரக்கூடியது. திக்குவாய்ப் பெண்ணின் பேச்சை நடித்துக் காட்டும் பாட்டு அது. ஃபிலிப்ஸின் தயக்கம் நியாயமானதே. ஆனால் அந்தத் தட்டின் மறுபக்கமான 'கெட் வித் இட்' குறை சொல்ல இடமில்லாத பதிவு. பேஸின் 'டக்' ஒலியே தாளத்தைச் சுமக்கிறது. குரல் அதன்மேல் ஏறியும் இறங்கியும், சில இடங்களில் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியும், அடுத்த வரியில் ஓடிப் பிடித்தும் செல்கிறது. மூவர் வாசிப்பது ஒரு பெருங்கூட்டம் வாசிப்பதுபோல் நிறைந்து கேட்கிறது.

அதே ஆண்டு சின்சினாட்டி நகரைச் சேர்ந்த கிங் நிறுவனத்தில் சேர்ந்தார். சிட் நேதன் நடத்திய அந்நிறுவனம் கண்ட்ரி இசையையும் கறுப்பின இசையையும் ஒரே கூரையின்கீழ் வெளியிட்டுவந்தது. அங்கு வெளியான நான்கு பாடல்களே ஃபெதர்ஸின் புகழுக்கு அடித்தளம்.

'ஒன் ஹேண்ட் லூஸ்' ஆட்டத்துக்கான பாடல். ஆட ஒரு கை கட்டற்றிருந்தால் போதும் என்பதே அதன் செய்தி. சொல்லில் பெரிய பொருள் ஒன்றுமில்லை. பாடகர் ஒவ்வொரு வரியையும் வெவ்வேறு இடத்தில் உடைத்து, ஒரே மெட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தருகிறார். இரண்டாம் முறை வரும் வரியை முதல் வரியுடன் ஒப்பிட்டுக் கேட்டால் இது புலப்படும்.

'பாட்டில் டு த பேபி' வீட்டு வாழ்க்கையைப் பேசுகிறது. இளைஞர்களின் இசை எனப்பட்ட ராகாபில்லியில் கைக்குழந்தையும் பால்புட்டியும் வருவது அபூர்வம். விக்கல் உத்தி இப்பாடலில் உச்சத்தை அடைகிறது. சொற்கள் அசைகளாகச் சிதறி, குழந்தையின் மழலை போலவே ஒலிக்கின்றன. உத்தியும் கருவும் ஒன்றாகிவிடும் இடம் இது.

'எவ்ரிபடீஸ் லவின் மை பேபி' பொறாமையை உற்சாகத்தில் மறைக்கிறது. அதே தட்டின் மறுபக்கமான 'கான்ட் ஹார்ட்லி ஸ்டாண்ட் இட்' எதையும் மறைப்பதில்லை. பிரிந்தவளை நினைத்து இரவில் தவிக்கும் ஒருவனின் பாட்டு. வேகம் குறைவு. கிட்டார் ஒரே சிறு இழையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஃபெதர்ஸின் குரல் முனகலுக்கும் கூவலுக்கும் நடுவே ஊசலாடுகிறது. மற்றவர்கள் குதூகலத்துக்குப் பயன்படுத்திய விக்கலை இங்கு அவர் அழுகையை அடக்குபவனின் தொண்டை அடைப்பாக மாற்றுகிறார். ஒரே இழையில் நின்று இறுக்கத்தைக் கூட்டும் இம்முறையில் கிம்ப்ரோவிடம் கற்ற பாடத்தின் சாயலைக் காணலாம். ஃபெதர்ஸின் பாடல்களில் ஒன்றை மட்டும் கேட்க விரும்புபவர் இதைக் கேட்கலாம்.

இவை எவையும் தேசியத் தரவரிசையில் இடம்பெறவில்லை. அதே ஆண்டில் எல்விஸ் தொலைக்காட்சியில் தோன்றி நாடெங்கும் அறியப்பட்டார். கார்ல் பெர்கின்ஸின் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' பெரும் விற்பனை கண்டது. ஃபெதர்ஸுக்குப் பின்னால் பெரிய நிறுவனமும் இல்லை, திரைப்பட வாய்ப்பும் இல்லை. எல்விஸின் அழகும் மேடைக் கவர்ச்சியும் அவருக்கு வாய்த்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிங் நிறுவனத்தின் பிற்பகுதிப் பாடல்களில் அவரது பாணி மெருகேற்றப்பட்டுக் கூர்மை இழந்தது. 1958-ல் கே என்னும் நிறுவனத்தில் 'ஜங்கிள் ஃபீவர்' பாடினார். தாழ்ந்த குரலில் மர்மமாக ஒலிக்கும் அப்பாடல் நன்றாக அமைந்தது. அதற்குள் அலை ஓய்ந்துவிட்டது.

உரிமைகோரல்கள்

எல்விஸின் முதல் இசைத்தட்டில் இடம்பெற்ற 'தட்ஸ் ஆல் ரைட்', 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி' ஆகிய பாடல்களின் இசையமைப்பில் தன் கை உண்டு என்று ஃபெதர்ஸ் கூறினார். எல்விஸுக்கு அப்பாணியைக் காட்டிக்கொடுத்ததே தான் என்பது இதன் பொருள். பீட்டர் குரால்னிக் 1979-ல் வெளியிட்ட 'லாஸ்ட் ஹைவே' நூலில் ஃபெதர்ஸுக்கு ஓர் இயல் ஒதுக்கினார். அதன்பின் இக்கூற்று பலரை எட்டியது.

இதற்கு எதிரான சான்றுகள் வலுவானவை. 1954 ஜூலை 5 அன்று நடந்த பதிவில் எல்விஸுடன் இருந்தவர்கள் கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூர், பேஸ் கலைஞர் பில் பிளாக், சாம் ஃபிலிப்ஸ் ஆகியோர். இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாகப் பாடத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டதாக மூர் விவரித்துள்ளார். இசைத்தட்டுகளின் கால வரிசையும் ஃபெதர்ஸுக்குச் சாதகமாக இல்லை. எல்விஸ் 1955-ல் வெளியிட்ட 'பேபி லெட்ஸ் ப்ளே ஹவுஸ்' பாடலிலேயே விக்கல் உத்தி முழுமையாக உள்ளது. ஃபெதர்ஸ் அதே ஆண்டில் வெளியிட்டவை கண்ட்ரி பாடல்கள். அவருடைய ராகாபில்லித் தட்டுகள் 1956-ல்தான் வருகின்றன.

ஆனாலும் அவர் வெறும் பொய்யர் என்று ஒதுக்க முடியாது. அவர் சன் கூடத்தில் உலவியது உண்மை. எல்விஸ் பாடிய ஒரு பாடலின் உரிமையில் அவர் பெயர் இருப்பது உண்மை. ஒரு சிறு கூடத்தில் பலர் ஒருவரையொருவர் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், யாரிடமிருந்து யாருக்கு எது சென்றது என்பதற்குப் பதிவேடு கிடையாது. தன் குரலின் சாயலைப் பிறர் குரலில் கேட்டதாக அவர் உணர்ந்திருக்கலாம். அந்த உணர்வைச் சான்றாகக் கொள்ள முடியாது. அது ஏமாற்றும் ஆகாது.

இந்த வழக்கில் இன்னொரு தரப்பும் உண்டு. அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலை எழுதி 1946-ல் பதிவு செய்தவர் ஆர்தர் க்ரூடப் என்னும் கறுப்பினக் கலைஞர். எல்விஸின் புகழால் உலகெங்கும் ஒலித்த அப்பாடலுக்கு உரிய உரிமைத்தொகை அவருக்கு வாழ்நாளில் முறையாகக் கிடைக்கவில்லை. வறுமையிலேயே இருந்து 1974-ல் இறந்தார். எல்விஸின் புகழில் தன் பங்கை ஃபெதர்ஸ் கேட்கும்போது, அவருக்கு முன்னால் வரிசையில் க்ரூடப் நிற்கிறார். ஃபெதர்ஸின் ஆதரவாளர்கள் 'ஏமாற்றப்பட்ட மேதை' என்னும் கதையைச் சொல்லும்போது இந்த வரிசையை விட்டுவிடுகின்றனர்.

பிற்கால வாழ்க்கை

1960-களில் ஃபெதர்ஸ் பல சிறு நிறுவனங்களுக்குப் பாடினார். அவற்றுள் ஹாலிடே இன் விடுதிக் குழுமம் நடத்திய இசைத்தட்டு நிறுவனமும் ஒன்று. மெம்ஃபிஸைச் சுற்றியுள்ள இரவு விடுதிகளில் பாடிக் குடும்பம் நடத்தினார்.

அமெரிக்கா மறந்த ராகாபில்லியை 1970-களில் ஐரோப்பிய ரசிகர்கள் தேடி எடுத்தனர். பழைய தட்டுகள் அதிக விலைக்குக் கைமாறின. சன் கூடத்தின் ஒத்திகைப் பதிவுகள் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. கலிஃபோர்னியாவின் ரோலின் ராக் என்னும் ரசிகர் நிறுவனம் 'தட் செர்ட்டன் ஃபீமேல்' உள்ளிட்ட புதிய பாடல்களை வெளியிட்டது. 1977 ஏப்ரலில் லண்டன் ரெயின்போ அரங்கில் வாரன் ஸ்மித், பட்டி நாக்ஸ், ஜாக் ஸ்காட் ஆகியோருடன் மேடையேறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் எல்விஸ் மறைந்தார். பின்னர் மகன் பப்பா, மகள் வாண்டா ஆகியோருடன் சேர்ந்து தன் பெயரிலேயே சிறு நிறுவனம் நடத்திப் பாடல்களை வெளியிட்டார்.

1991-ல் எலெக்ட்ரா நிறுவனம் தன் 'அமெரிக்கன் எக்ஸ்ப்ளோரர்' வரிசையில் 'சார்லி ஃபெதர்ஸ்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டது. தயாரித்தவர் பென் வான். பழைய சன் கலைஞர்கள் உடன் வாசித்தனர். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதுக்காரரின் குரல் அதில் தளர்ந்தும் கரகரத்தும் கேட்கிறது. விக்கல் முன்புபோலத் துள்ளுவதில்லை. ஆயினும் வரியை உடைக்கும் இடத்தை அறிந்த செவி அப்படியே இருக்கிறது. முழுமையான தொகுப்பு என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு கலைஞர் தன் வீட்டுத் திண்ணையில் பாடுவதைக் கேட்கும் அணுக்கம் இதில் உண்டு.

மறைவு

நீரிழிவு உள்ளிட்ட நோய்களால் நீண்டநாள் அவதிப்பட்ட சார்லி ஃபெதர்ஸ், பக்கவாதத்தைத் தொடர்ந்து ஆகஸ்ட் 29, 1998 அன்று மெம்ஃபிஸில் காலமானார். அவருடைய ஆசிரியர் ஜூனியர் கிம்ப்ரோ அதே ஆண்டு ஜனவரியில் மறைந்திருந்தார். ஃபெதர்ஸின் 1954 முதல் 1969 வரையிலான பதிவுகளின் தொகுப்பு 'கெட் வித் இட்' என்னும் பெயரில் ரெவனன்ட் நிறுவனத்தால் அவ்வாண்டே வெளியிடப்பட்டது.

'த கிராம்ப்ஸ்' என்னும் ராக் குழு 'கான்ட் ஹார்ட்லி ஸ்டாண்ட் இட்' பாடலைத் தன் பாணியில் பாடியது. குவென்டின் டாரன்டினோ இயக்கிய 'கில் பில்' முதல் பாகத்தில் (2003) 'தட் செர்ட்டன் ஃபீமேல்', இரண்டாம் பாகத்தில் (2004) 'கான்ட் ஹார்ட்லி ஸ்டாண்ட் இட்' ஆகியவை இடம்பெற்றன. அவர் பெயரைக் கேள்விப்படாத இளைஞர்கள் பலர் அவர் குரலைக் கேட்டது இப்படங்கள் வழியாகத்தான்.

மதிப்பீடு

ஃபெதர்ஸைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்கின்றனர். ஒரு சாரார் அவரை எல்விஸுக்குக் குருவாக்கி, வரலாறு அவருக்குத் துரோகம் செய்ததாகக் கூறுகின்றனர். மறு சாரார் அவருடைய கூற்றுகளைச் சரிபார்த்து, மிகைப்படுத்துபவர் என்று முடிக்கின்றனர். இரு வழியிலும் எல்விஸே அளவுகோலாக நிற்கிறார். அந்த அளவுகோலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பதே விமர்சனத்தின் வேலை.

மிஞ்சுபவை சில கண்ட்ரி பாடல்கள், 1956-ன் ஆறு பாடல்கள், பிற்காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. எண்ணிக்கை சிறியது. தரம் சீரானதும் அன்று. ஒரே பாடலை வெவ்வேறு நிறுவனங்களுக்காகத் திரும்பத் திரும்பப் பாடியதில் பல பதிவுகள் முதற்பதிவின் நிழலாகவே நின்றுவிட்டன. பாடல் வரிகளில் புதுமை குறைவு. இக்குறைகளை மறைக்கத் தேவையில்லை.

அவர் சாதித்தது குரலில். ராகாபில்லிப் பாடகர்கள் பலருக்கு விக்கல் ஓர் அலங்காரம். எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும். ஃபெதர்ஸின் நல்ல பாடல்களில் அதை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. 'பாட்டில் டு த பேபி'யில் மழலையாகவும், 'கான்ட் ஹார்ட்லி ஸ்டாண்ட் இட்'டில் அடக்கிய அழுகையாகவும் ஒரே உத்தி இரு வேறு பொருள் தருகிறது. எழுத்தைச் சாராமல் செவியையே சார்ந்து வளர்ந்த ஒருவர், சொல்லின் ஒலியைப் பொருளிலிருந்து பிரித்து எடுத்து, அந்த ஒலியாலேயே பொருளைத் திரும்பச் சொல்கிறார். இத்திறமைக்கு எல்விஸின் சான்றிதழ் வேண்டியதில்லை.

பங்கு பற்றிய கேள்விக்கும் அவர் வாழ்க்கையிலேயே ஒரு விடை உண்டு. எல்விஸின் இசையில் தனக்கு உரியது என்று அவர் கேட்டதை நிரூபிக்க முடியவில்லை. கிம்ப்ரோவிடமிருந்து தான் பெற்றது என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவே இல்லை. அவரே வலியச் சொன்னார். முதற்கூற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது கூற்று ஒரு கல்லறைக் கல்லில் நிற்கிறது. ராகாபில்லி எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பும் மாணவருக்கு இரண்டாவது கூற்றே அதிகம் பயன்படும். கிம்ப்ரோவின் ஒரு பாடலையும், 'கான்ட் ஹார்ட்லி ஸ்டாண்ட் இட்' பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டால், மிசிசிப்பியின் பருத்திக்காட்டிலிருந்து மெம்ஃபிஸின் ஒலிப்பதிவுக் கூடம்வரை ஓர் இசை நடந்துவந்த வழி தெரியும்.